தண்ணீர் ஊற்றாத அடுப்பு

ஆரணி
23 மார்ச் 2025

கன்னியம்மாள் அவர்களுக்கு,

காட்டம்மன் கோயிலில் பொங்கல் வைத்துவிட்டு நாங்கள் கிளம்பியபோது அடுப்பு அணைந்திருந்ததா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இரண்டு நாளாக யோசித்துப் பார்த்தேன். நாங்கள் பதினெட்டுப் பேர். மூன்று அடுப்பு. பாத்திரங்களைக் கழுவி வேனில் ஏற்றும்போது மணி மூன்று இருக்கும். நான் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். எல்லோருக்கும் பின்னால் அடுப்புப் பக்கம் போனது யார் என்று தெரியவில்லை. தெரியாததைத் தெரியும் என்று எழுதக் கூடாது என்பதை மாணவிகளுக்கு இருபது வருடமாகச் சொல்லி வருகிறேன். அதனால் தெரியாது என்றே எழுதுகிறேன்.

உங்கள் கணவர் அன்பரசு கைதான செய்தியைப் பேப்பரில் பார்த்தேன். மலைக்குத் தீ வைத்தவர் என்று போட்டிருந்தார்கள். தீக்காவலர் வேலை பார்க்கிறவர் அப்படிச் செய்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நான் நினைப்பது சாட்சி ஆகாது. என் அண்ணன் மகள் ஜெயப்ரியா எடுத்த வீடியோவில் அவர் குனிந்து புல்லில் தீக்குச்சியை வைப்பது தெளிவாகத் தெரிகிறது. அது ஏன் என்று நீங்கள் உங்கள் கடிதத்தில் எழுதவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் மாணவிகளோடு உங்கள் ஊருக்கு வந்து தீத்தடுப்புக் குழு அமைத்து, மலைத்தீ பற்றிய அறிக்கை எழுதியபோது நீங்கள் செய்த உதவியை மறக்கவில்லை. ஏழு முறை போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை.

சுபத்ரா

•

ஓடைப்புதூர்
27.3.2025

சுபத்ரா மேடத்துக்கு, கிராமத் தீத்தடுப்புக் குழுச் செயலாளர் கன்னியம்மாள் எழுதிக்கொள்வது.

போனை வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் இருபத்தாறு பேர் ரேஞ்சர் ஆபீஸ் வாசலில் நின்று வாயால் சொன்னோம். ஒன்றும் நிற்கவில்லை. உங்கள் வீட்டுப் பெண் போனில் எடுத்த அரை நிமிஷம் நின்றது. வாயால் சொன்னதை நாளைக்கு இல்லை என்று சொல்லிவிடலாம். நீங்கள் எழுதுங்கள். எழுதினது என் கையில் இருக்கும்.

தீக்குச்சி ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். 16ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் குழுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அதைப் பார்த்து எழுதுகிறேன்.

மாலை 3.40. கோயிலண்டை விறகு விற்கும் சின்னம்மாள், அம்மன் இலுப்பை மரத்துக்குப் பின்னால் புகை என்று சத்தம் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். 3.55க்குப் பதினான்கு பேர் பச்சைக் கொப்பு ஒடித்துக்கொண்டு ஏறினோம். காற்று ஊரைப் பார்த்து அடித்தது. அடித்து அணைக்கிற தீ இல்லை அது, ஆள் உயரம். என் வீட்டுக்காரர் எங்களை எல்லாம் பின்னால் போகச் சொல்லிவிட்டு, ஓடைக்கரையில் நாங்கள் மாசியில் செதுக்கி வைத்திருந்த தடுப்புக்கோட்டில் நின்று, வருகிற தீயைப் பார்த்துப் புல்லைக் கொளுத்தினார். எதிர்த்தீ. வருகிற தீக்குத் தின்ன ஒன்றும் இல்லாமல் செய்வது. இரண்டு தீயும் முட்டிக்கொண்டு அங்கேயே செத்தது. ஊர் தப்பியது. அந்தத் தீக்குச்சிதான் உங்கள் வீடியோவில் இருக்கிறது.

இது உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. வகுப்பு எடுத்த அன்றைக்கே அவர் எழுந்து சொன்னார். "இத அறிக்கையில போட முடியாதுங்க, துறை ஒத்துக்காது" என்றீர்கள். அவர் உட்கார்ந்துவிட்டார். போடாதது போகட்டும். போட்டது இன்னொன்று. பக்கம் 11. ‘இம்மலையில் ஏற்படும் தீயில் பெரும்பகுதி ஆடு மேய்ப்போரால் புதுப்புல்லுக்காக வைக்கப்படுவது.’ ரேஞ்சர் அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருந்தார். "உங்க ஊரப் பத்தி காலேஜ் மேடமே எழுதி இருக்காங்களேம்மா" என்றார். எங்களுக்கு ஆடு இருக்கிறது. பதினொரு ஆடு.

நேற்று ஜெயிலில் பார்த்தேன். "ஆட்டுக்குத் தண்ணி காட்டுனியா?" என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

உங்கள் அடுப்பு அணைந்திருந்ததா?

இப்படிக்கு,
கன்னியம்மாள்

•

ஆரணி
3 ஏப்ரல் 2025

கன்னியம்மாள் அவர்களுக்கு,

பதினொன்றாம் பக்கத்தை எடுத்துப் படித்தேன். அந்த வாக்கியத்துக்காக இருபத்து மூன்று பேரிடம் கேட்டிருக்கிறேன். அவர்களில் உங்கள் ஊர்க்காரர்கள் மூன்று பேர். மற்றவர்கள் எல்லோரும் மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள். படிக்கும்போது அது சரியான வாக்கியம் போலத்தான் இருக்கிறது. அதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் கல்யாணம் நிச்சயமானால் காட்டம்மனுக்கு வந்து பொங்கல் வைப்பது வழக்கம். அந்த அடுப்பில் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். ஊற்றினால் வாழப்போகிற பெண்ணின் அடுப்பை அணைத்தது போலாம். தானாக அணைய வேண்டும். இந்த முறை பொங்கல் ஜெயப்ரியாவுக்காக. அவளுக்கு வைகாசியில் கல்யாணம். எனவே அடுப்பு அணைந்திருந்ததா என்று நீங்கள் கேட்டதற்கு, எங்களில் யாரும் அணைத்திருக்க மாட்டார்கள் என்பது வரை சொல்ல முடியும்.

ஜெயப்ரியாவிடமும் பேசினேன். மலையடிவாரத்து டீக்கடையில் அன்று வேன் முக்கால் மணி நேரம் நின்றது. அங்கிருந்து அவள் எடுத்த வீடியோ அரை நிமிடம் அல்ல, இரண்டு நிமிடத்துக்கு மேல். கடைசி முப்பது வினாடியை மட்டும் வெட்டி ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறாள்.

"முன்னாடி இன்னா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"பொகைதான் அத்தே. இலுப்ப மரத்தாண்ட. அப்புறந்தான் அந்த ஆள் வந்தாரு."

"அது எங்க?"

"அப்பா அழிச்சிடச் சொன்னாரு. அழிச்சிட்டேன்." பிறகு அழுதாள். "தீ வெக்கிறானேன்னு பதறிப் போய்ப் போட்டேன் அத்தே. அவரப் புடிச்சிகினு போவாங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?"

அண்ணன் கமலக்கண்ணனிடம் கேட்டேன். அவருடைய பட்டுக்கடையில் இருந்த வாடிக்கையாளர் போன பிறகுதான் வாயைத் திறந்தார். "பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சு. இந்த நேரத்துல ஏன் நீ இந்த பேஜார்ல போய் மாட்டிகினு இருக்க? மாப்ள வீட்டுக்காரங்க காதுக்குப் போனா பொங்கலே அபசகுனமாச்சுன்னு சொல்ல மாட்டாங்களா?"

அண்ணி ஸ்வர்ணலதா சொன்னது வேறு. "அம்மனுக்கு வெச்ச அடுப்புல அம்மன் காடு எரியுமா? அவ எரிய வுடுவாளா?"

எரிந்தது என்றேன். அண்ணி சமையலறைக்குப் போய்விட்டார்.

இதை உங்களுக்கு எழுதுகிறேன். ஆனால் எங்கே யாரிடம் சொல்வது, சொன்னால் நிற்குமா என்று தெரியவில்லை. வீடியோ இல்லை. வழக்கம் என்பது குற்றத்துக்கு ஆதாரம் ஆகுமா? நான் பார்த்தேன் என்று சொல்ல ஏதாவது இருக்க வேண்டும்.

சுபத்ரா

•

ஓடைப்புதூர்
7.4.2025

சுபத்ரா மேடத்துக்கு,

வீட்டுக்காரர் 4ஆம் தேதி ஜாமீனில் வந்தார். இரண்டு நிபந்தனை. தினமும் ரேஞ்சர் ஆபீசில் கையெழுத்துப் போட வேண்டும். காட்டு எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. எங்கள் வீட்டு வாசலிலிருந்து எல்லைக்கல் நாற்பது அடி. ஆடு தாண்டிப் போகிறது. அவர் கல்லண்டை நின்று கூப்பிடுகிறார். ஆடு வந்தால் வருகிறது, இல்லை என்றால் இல்லை.

5ஆம் தேதி வடக்குச் சரிவில் தீ. யார் வைத்தது, எப்படி வந்தது தெரியாது. அன்றைக்கு எழுதின தீர்மானத்தை அப்படியே எழுதுகிறேன்.

‘தீர்மானம் எண் 3. தீ அணைக்கப் போனவரைத் தீ வைத்தவர் என்று பிடித்தபடியால், இனி நம் ஊரிலிருந்து யாரும் தீ அணைக்கப் போவதில்லை என ஏகமனதாக முடிவு செய்யப்பட்டது. துறை கொடுத்த சருகு ஊதும் மிஷினைத் திருப்பிக் கொடுத்துவிடுவது.’

நான்தான் எழுதினேன். என் கையெழுத்துதான் முதலில். இரண்டு நாள் எரிந்தது. துறை ஆட்கள் நான்கு பேர் வந்து ஓடி ஓடி அடித்தார்கள். அவர்களில் ஒருவன் தண்ணீர் கேட்டான். கொடுத்தோம். மலையைப் பார்த்துக்கொண்டு ஊரே தெருவில் உட்கார்ந்திருந்தது. குப்புராஜ் மாமா, "நல்லா எரியட்டும், காலேஜ்ல இருந்து வந்து அணைப்பாங்க" என்றார். சிலர் சிரித்தார்கள். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. கல்லண்டை போய் நின்றவர் சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. காற்று திரும்பும்போதெல்லாம் கையை மட்டும் அப்படி இப்படி ஆட்டினார், மேலே ஆள் இருக்கிற மாதிரி.

நான் பார்த்தேன் என்று சொல்ல ஏதாவது இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கிறது. சின்னம்மாள் அன்றைக்கு மிச்ச விறகைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் பின்னால்தான் இருந்தார். அவர் சொன்னது இது. "கண்ணாடி போட்ட அந்தம்மா கொடத்தத் தூக்கினாங்க கன்னியம்மா. அடுப்பாண்ட போய் நின்னாங்க. அப்புறம் கீழ வெச்சிட்டு வேன்ல ஏறிகினாங்க."

இது எனக்கு 17ஆம் தேதியே தெரியும். ரேஞ்சரிடம் சின்னம்மாளைக் கூட்டிக்கொண்டு போனேன். "நீ அந்த ஊருதான?" என்று கேட்டார், முடிந்தது. உங்களுக்கு முதல் கடிதம் எழுதும்போதும் தெரியும். நீங்களாகச் சொல்கிறீர்களா என்று பார்த்தேன்.

இப்படிக்கு,
கன்னியம்மாள்

•

ஆரணி
14 ஏப்ரல் 2025

கன்னியம்மாள் அவர்களுக்கு,

குடம் என் கையில் இருந்தது. சின்னம்மாள் சரியாகப் பார்த்திருக்கிறார்.

முன் இருக்கையில் ஏறிவிட்டேன் என்று எழுதினேன். அது உண்மை. ஏறுவதற்கு முன் நடந்ததை எழுதவில்லை. கை கழுவிவிட்டு அரைக்குடம் தண்ணீரோடு வந்தேன். நடு அடுப்பில் ஒரு புளியங்கட்டை பாதி எரிந்து கனன்றுகொண்டிருந்தது. சுற்றிலும் இலுப்பைச் சருகு. குடத்தைத் தூக்கினேன்.

"ஐயோ சுபத்ரா, இன்னா பண்ற? கொழந்த கல்யாணத்துக்கு வெச்ச அடுப்பு. வெய்யி கீழ" என்றார் அண்ணி.

"கனல் இருக்குதுங்க அண்ணி."

"தானா அணையும். இத்தினி வருசமா அணையலயா? ஜல்தி ஏறு, எல்லாரும் வண்டில உக்காந்துட்டாங்க."

குடத்தைக் கீழே வைத்தேன். அவ்வளவுதான். வாக்குவாதம்கூட இல்லை.

அண்ணிக்கு அந்த வழக்கத்தில் நம்பிக்கை இருந்தது. எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. ஒரு கனல் காட்டில் என்ன செய்யும் என்பது அந்தப் பதினெட்டுப் பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும். உங்கள் ஊரில் அறுபது பேர் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு அதைத்தான் ஒரு மணி நேரம் பேசினேன். அங்கே பேச முடிந்த எனக்கு என் வீட்டார் முன்னால் பேச முடியவில்லை. அண்ணன் வீட்டு மாடி அறையில் தனியாக இருக்கிறவள் நான். வீட்டு விசேஷங்களில் ஓரமாக நிற்பதை மரியாதை என்று பழகிவிட்டேன். அது மரியாதை இல்லை, சௌகரியம்.

இன்னொன்று. தடை தண்ணீருக்குத்தான். காலால் நாலு பிடி மண்ணைத் தள்ளி மூடியிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள்தான் இது எனக்குத் தோன்றியது.

வாக்குமூலம் எழுதி மூன்று பிரதி எடுத்திருக்கிறேன். என் பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன். அண்ணி தடுத்ததை எழுதவில்லை, குடத்தை வைத்தது என் கை என்பதால். அழிக்கப்பட்ட வீடியோ பற்றி எழுதியிருக்கிறேன். பதினொன்றாம் பக்கத்தின் அந்த வாக்கியத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றும், எதிர்த்தீ பற்றி அன்பரசு சொன்னதை நான் விட்டுவிட்டேன் என்றும் எழுதியிருக்கிறேன்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் நேற்று கடையில் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். அவர் ஒரு வாடிக்கையாளருக்காகப் பட்டு நூலைக் கொளுத்திக் காட்டிக்கொண்டிருந்தார். சுத்தப் பட்டுதான் என்று காட்டுவதற்கு எல்லோரும் செய்வது. எரிந்த நுனியை விரலால் நசுக்கி, சாம்பலைத் தட்டிவிட்டு, கனல் இல்லை என்று பார்த்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார். முப்பது வருடமாக இப்படித்தான். கடையில் ஒரு நாளும் மறந்ததில்லை.

"கல்யாணம் முடியட்டும். அப்புறம் நீ எங்க வேணா குடு" என்றார்.

"அதுவரைக்கும் அவரு தெனம் போய்க் கையெழுத்துப் போடணும் அண்ணே."

"போடட்டுமே. அவங்களுக்கெல்லாம் அது பழகிடும்."

அவருடைய மேசையிலேயே, அவருடைய பேனாவிலேயே மூன்றிலும் கையெழுத்துப் போட்டேன்.

இதை ரேஞ்சரிடம் கொடுப்பதற்கு முன் உங்கள் ஊரில் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நீங்கள் வேண்டாம் என்றால் வரவில்லை.

சுபத்ரா

•

ஓடைப்புதூர்
17.4.2025

சுபத்ரா மேடத்துக்கு,

கடிதம் வந்தது. வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். மண் போடுவதைப் பற்றி எழுதின இடத்தை இரண்டாவது தரம் படிக்கச் சொன்னார். நாங்கள் அம்மனுக்குப் பொங்கல் வைத்தால் மண் போட்டு மூடிவிட்டு, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு வருவோம். எப்போதும் அப்படித்தான். உங்களுக்கு மூன்றாம் நாள் தோன்றியதை எங்களிடம் கேட்டிருந்தால் இரண்டு வருஷத்துக்கு முன்பே சொல்லியிருப்போம். நீங்கள் கேட்ட கேள்வித்தாளில் அது இல்லை.

கூட்டம் 20ஆம் தேதி ஞாயிறு காலை 10.30, பள்ளிக்கூடத்தண்டை. வாங்க. என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் சமாதானம் செய்ய மாட்டேன்.

கன்னியம்மாள்

•

ஆரணி
19 ஏப்ரல் 2025

கன்னியம்மாள் அவர்களுக்கு,

நாளை வருகிறேன். இந்தக் கடிதம் உங்களுக்கு என்னைவிடப் பிந்தித்தான் வந்து சேரும். இருந்தாலும் எழுதுகிறேன்.

என்ன நடக்கும் என்று மனதில் ஓட்டிப் பார்த்தேன். நான் படிப்பேன். யாராவது திட்டுவார்கள். நான் கேட்டுக்கொள்வேன். மூன்றாம் தீர்மானத்தை ரத்து செய்யுங்கள் என்று கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்கப்போவதில்லை. கேட்க எனக்கு இடம் இல்லை. மேலும் ஒரு காகிதத்தைப் படித்துக் காட்டினால் ஒரு ஊர் மறுபடி மலை ஏறும் என்று நான் நம்பவில்லை. ஊர்ப் பங்கேற்பு என்று நாங்கள் எழுதுகிற இரண்டு வார்த்தை எவ்வளவு லேசானது என்று இப்போது தெரிகிறது. ரேஞ்சர் வாங்கி ஃபைலில் வைப்பார். அன்பரசு மறுநாளும் போய்க் கையெழுத்துப் போடுவார்.

அண்ணன் வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. ஜெயப்ரியா மட்டும் மாடிக்கு வந்து, "நானும் ஒரு கையெழுத்து போடணுமா அத்தே?" என்று கேட்டாள். கல்யாணம் முடியட்டும் என்று சொல்ல வாய் எடுத்தேன். யாருடைய வார்த்தை அது என்று நினைவு வந்தது. உன் இஷ்டம் என்றேன். இறங்கிப் போனாள்.

•

21 ஏப்ரல்

மேலே உள்ளதைத் தபாலில் சேர்க்கவில்லை. அதன் கீழேயே தொடர்கிறேன். நேற்று நடந்ததைக் குழுப் புத்தகத்தில் வைக்க, நான் பார்த்தவரை எழுதித் தரச் சொன்னீர்கள். நீங்கள் மேலே இருந்தபோது ரேஞ்சர் ஆபீசில் நடந்ததையும் கேட்டீர்கள். இரண்டையும் எழுதுகிறேன்.

10.40க்குப் படிக்க ஆரம்பித்தேன். முப்பது பேர் போல இருந்தார்கள். படித்து முடித்ததும் யாரும் திட்டவில்லை. அதை நான் எதிர்பார்க்கவில்லை. குப்புராஜ் மட்டும் பீடியைக் கீழே போட்டு, தேய்த்து, மண்ணைத் தள்ளி மூடினார். என்னைப் பார்த்துக்கொண்டே செய்தார்.

அப்போது சின்னம்மாள், "தே, பொக" என்று மலையைக் காட்டினார். ஓடைக்கு மேலே, மூங்கில் புதர்ப் பக்கம். யாரும் எழுந்திருக்கவில்லை.

"இப்ப போனா இப்பயும் எவனாவது போன்ல புடிப்பான்" என்றார் குப்புராஜ். "இந்தம்மா எழுதிக் குடுத்துட்டா ஆச்சா? நாளைக்கு எம் மூஞ்சி பேப்பர்ல வரும். போட்டாவுல நல்லாவும் இருக்க மாட்டேன்."

"போறவங்க பேர முன்னாடியே எழுதிட்டுப் போலாம் மாமா" என்று நீங்கள் சொன்னீர்கள். "தீ எங்க இருக்குது, மணி இன்னா, யார் யார் ஏறுறாங்க, யார் கையில தீப்பெட்டி. எல்லாத்தையும் எழுதி, இவங்க சாட்சிக் கையெழுத்து போடட்டும். அப்புறம் ஏறலாம்."

"எழுதிகினு இருந்தா அதுக்குள்ள மூங்கிலு போயிடும்."

"மூணு நிமிசம் மாமா. மூணு நிமிசம் இல்லாமதான் இவுரு பதினேழு நாள் உள்ள இருந்தாரு."

நீங்கள் எழுதினீர்கள். 11.05. முதலில் உங்கள் பெயர். பிறகு ஆதிலட்சுமி. பிறகு கொஞ்ச நேரம் யாரும் இல்லை. நீங்கள் தலையைத் தூக்கவில்லை, பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தீர்கள். "என் பேரயும் எழுது. பழைய மூஞ்சிதான, போனாப் போவுது" என்றார் குப்புராஜ். கடைசியில் ஒன்பது பெயர். தீப்பெட்டி ஒன்று, ஆதிலட்சுமி கையில். சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். மற்றவர்கள் போகவில்லை. அதையும் புத்தகத்தில் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் ஏறிய பிறகு நடந்தது இது.

அன்பரசு கையெழுத்துப் போடப் போகிற நேரம். என்னைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார். "கெட்டியா புடிச்சிக்கோங்க மேடம், ரோடு செரியில்ல" என்றார். ஐந்து கிலோமீட்டர் போக வேண்டும். இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தித் திரும்பி மலையைப் பார்த்தார்.

"காத்து மேக்கால இருந்து அடிக்குது. கன்னியம்மா ஓடைக்கு இந்தாண்ட நிக்கணும்" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "நின்னிருப்பா" என்றார்.

ரேஞ்சர் இருந்தார். அன்பரசு பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கதவோரம் நின்றார். நான் ரேஞ்சரிடம் வாக்குமூலத்தைக் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர். சட்டையில் கரி இருந்தது.

"இது உங்க மேலயே கேஸா திரும்பும் மேடம். தெரிஞ்சுதான் குடுக்கறீங்களா?"

தெரியும் என்றேன்.

"வேலைக்கு எதுனா ஆயிட்டா?"

அதுவும் தெரியும் என்றேன்.

"இவுரு மேல இருக்கறது உடனே போயிடாது. நான் மேல எழுதறேன். அவங்க கோர்ட்ல சொல்லணும்." பிறகு அன்பரசு பக்கம் திரும்பி, "எதிர்த்தீயா அது?" என்று கேட்டார்.

"ஆமாங்க. அன்னிக்கே சொன்னேங்க."

"சொன்ன" என்றார் ரேஞ்சர்.

"சார், இப்ப மேல எரியுது. நான் போலாங்களா?"

"ஆர்டர் மாறாம நான் எப்படிப்பா போகச் சொல்றது?"

அன்பரசு தலையை ஆட்டினார். ரேஞ்சர் போனில் ஆட்களை உங்கள் ஊருக்குப் போகச் சொன்னார். உங்கள் ஒன்பது பேரின் பெயர்களை நான் நகல் எடுத்து வைத்திருந்தேன். அதை வாங்கி, ‘12.10க்குப் பெற்றேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். பிறகு ஒரு புதுத் தாளை எடுத்தார். என் பெயர் கேட்டார். தகப்பனார் பெயர், வயது, தொழில், வீட்டு முகவரி. ஒவ்வொன்றாகச் சொன்னேன். எழுதிக்கொண்டார். அன்பரசிடமும் இந்த வரிசையில்தான் கேட்டிருப்பார்கள் என்று அப்போது தோன்றியது.

திரும்பி வந்தபோது மணி ஒன்று. அன்பரசு எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்தினார். காலையில் கூட்டத்தில் இருந்த பொன்னம்மாள் உங்கள் வாசலில் நிறைகுடத்தோடு நின்றுகொண்டிருந்தார், மேலே குடிக்கத் தண்ணீர் இல்லை, இந்த இடுப்பு வலியோடு எப்படி ஏறுவது என்று சொல்லிக்கொண்டு. அன்பரசு குடத்தை வாங்கினார். கல் வரைக்கும் தூக்கி வந்தார். அங்கே நின்றார்.

"உங்களுக்குத் தடை ஒண்ணும் இல்லீங்களே" என்றார்.

இல்லை என்றேன். குடத்தை என்னிடம் கொடுத்தார்.

கனமாக இருந்தது. மூன்று இடத்தில் இறக்கி வைத்து, மறுபடி தூக்கிக்கொண்டு ஏறினேன். கீழேயிருந்து அவர் வழி சொல்லிக்கொண்டே இருந்தார், "வலது கைப் பக்கம் மேடம், பாறையாண்ட திரும்புங்க" என்று, சத்தம் கேட்கிற வரைக்கும். ஓடைக்கரையில் நீங்கள் முகமெல்லாம் கரியோடு நின்றிருந்தீர்கள். இந்தாண்டைதான் நின்றிருந்தீர்கள். தீ ஓடையைத் தாண்டவில்லை. குடத்தை வாங்கி, நீங்கள் குடிப்பதற்கு முன் குப்புராஜுக்குக் கொடுத்தீர்கள்.

சுபத்ரா